ஜிஞ்சரின் வாலில் ஒட்டிய வேர்

ஆங்கில ‘ஜிஞ்சர்’ நம் இஞ்சியிலிருந்து போன சொல் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டத் தோன்றும். இஞ்சி, ஜிஞ்ச. முன்னால் ஒரு ‘ஜ்’ போட்டால் கணக்கு முடிந்தது. முடிவு ஏறக்குறைய சரிதான். ஆனால் காது காட்டுகிற காரணம் தவறு. ஜிஞ்சரில் கேட்கும் ‘ஞ்ச’ தமிழ் இஞ்சியின் ‘ஞ்ச’ அல்ல. ஒன்று இங்கே உண்டானது, மற்றொன்று ஐரோப்பாவில் உண்டானது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. நம் சொல் ஜிஞ்சருக்குள் இருப்பதற்கான உண்மையான தடயம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, இன்றைய தமிழில் இல்லாமலே போய்விட்ட ஒரு சகரம். மற்றது, சொல்லின் கடைசியில் தேய்ந்து கிடக்கும் ‘அர்’ என்ற வால்.

தொடங்கும் முன் எழுத்து பற்றி ஒரு குறிப்பு. ஆங்கில இசட் எழுத்தின் ஒலி தமிழில் இல்லை. அதை இங்கே ‘ஃஸ’ என்று எழுதுகிறேன். ‘ஃப’ வழக்கம்போல எஃப் ஒலி. இலத்தீன், கிரேக்க வடிவங்களில் ‘பெர்’ என்று வருமிடத்தில், பம்பரம் என்பதிலுள்ள இரண்டாவது ‘ப’வைப் போல வாசிக்கவும்.

ஆங்கிலத்திலிருந்து பின்னோக்கி

இந்த மாதிரித் தேடலில் ஆங்கிலத்திலிருந்து பின்னோக்கித்தான் நடக்க வேண்டும், தமிழிலிருந்து முன்னோக்கி நடக்கக் கூடாது. தமிழில் தொடங்கினால், உலகத்து மொழிகளில் இஞ்சி போல ஒலிப்பதை எல்லாம் கை பொறுக்கிக்கொள்ளும், ஒலிக்காததைத் தள்ளிவிடும். ஆங்கிலத்தில் தொடங்கினால் ஒவ்வொரு படியிலும் ஏட்டுச் சான்று இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் கால் வைக்க முடியும்.

இன்னொரு விதி உண்டு. இந்தத் துறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஓர் ஒலி இன்னோர் ஒலியாக மாறியது என்று சொன்னால், அதே மொழியில் அதே மாற்றம் வேறு சொற்களிலும் நடந்திருப்பதைக் காட்ட வேண்டும். குறைந்தது இரண்டு சொல்லாவது சாட்சிக்கு வர வேண்டும். இஞ்சிக்கு மட்டும் தனிச்சட்டம் கிடையாது.

இடைக்கால ஆங்கிலத்தில் ஜிஞ்சரின் வடிவம் ‘ஜிஞ்ஜிவெரெ’. அதற்கும் முன்னால், கி.பி. 1000-ஐ ஒட்டிய பழைய ஆங்கில மருத்துவ ஏடுகளில் ‘ஜிஞ்ஜிஃபெர்’ என்று எழுதியிருக்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் இரண்டு உயிருக்கு நடுவே எஃப் எழுதினால் அதை ‘வ’ என்றுதான் வாசிக்க வேண்டும். ஆக, வாயில் வந்தது ‘ஜிஞ்ஜிவெர்’. இந்த இடத்திலேயே நம் ஆட்கள் துள்ளிக் குதித்துவிடுவார்கள்: இதோ இஞ்சிவேர்! பொறுங்கள். இடையில் இன்னும் நான்கு மொழி இருக்கிறது.

அந்த ‘வ’ பின்னால் எங்கே போயிற்று? சாட்சிகள் தாராளமாக இருக்கிறார்கள். இன்றைய ‘லார்ட்’ பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்லாவோர்ட்’. தலையைக் குறிக்கும் ‘ஹெட்’ அன்று ‘ஹெஅவொட்’. பருந்தினத்துப் பறவையான ‘ஹாக்’ அன்று ‘ஹவொக்’. எல்லாவற்றிலும் நடு ‘வ’ உதிர்ந்து இரண்டு அசையும் ஒட்டிக்கொண்டன. அதே வழியில் ‘ஜிஞ்ஜிவெர்’ சுருங்கி ‘ஜிஞ்சர்’ ஆயிற்று. கடைசியில் நிற்கும் ‘அர்’, ஆங்கிலத்தில் ‘டீச்சர்’, ‘டிரைவர்’ என்று வினை செய்பவரைக் காட்டும் விகுதி அன்று. அது ‘வெர்’ என்ற முழு அசையின் மிச்சம்.

இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் இரண்டு முறை நுழைந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலில் மருத்துவ ஏடுகளின் வழியே இலத்தீனிலிருந்து நேராக வந்தது. 1066-க்குப் பிறகு நார்மன் பிரெஞ்சு பேசியவர்களோடு ‘ஜிஞ்ஜிவ்ர்’ என்ற வடிவில் மறுபடி வந்தது. பழையது புதியதில் கரைந்துவிட்டது. ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு பாதைதான் என்று எண்ணுகிறவர்கள் இங்கே தடுமாறுவார்கள்.

ஏஞ்சல் வந்த வழி

பிரெஞ்சுக்கு முன்னால் இலத்தீன். பிற்கால இலத்தீனில் இந்தச் சொல்லை ஜி எழுத்தால் தொடங்கினார்கள். முற்காலத்தில் இசட் எழுத்தால், ‘ஃஸிங்கிபெர்’, ‘ஃஸிங்கிபெரி’. பேச்சு இலத்தீனில் இகர எகரங்களுக்கு முன்னால் இந்த இரண்டு எழுத்தின் ஒலியும் நெருங்கி ஒன்றாகிவிட்டதால், எழுதுகிறவர்கள் இதற்கு அதைப் போட்டார்கள். பொறாமையைக் குறிக்கும் ‘ஜெலஸ்’ என்ற சொல்லும் இப்படித்தான். அதன் இலத்தீன் மூலம் ‘ஃஸெலோசுஸ்’. இத்தாலிய மொழி மட்டும் பழைய ஒலியின் சாயலை விடாமல் வைத்திருக்கிறது: அங்கே இஞ்சி ‘ஃஸென்ஃஸெரோ’.

நடுவிலுள்ள ‘ங்கி’ ‘ஞ்ஜி’ ஆனதற்கு மிகப் பொருத்தமான சாட்சி ‘ஏஞ்சல்’. கிரேக்கத்தில் அது ‘அங்கெலோஸ்’, இலத்தீனில் ‘அங்கெலுஸ்’. தூதன் என்று பொருள். பேச்சு இலத்தீனில் இகர எகரங்களுக்கு முன்னால் வந்த வல்லொலி ‘க’ மெல்ல ‘ஜ’ ஆகியது. ‘ங்கெ’ என்பது ‘ஞ்ஜெ’ ஆயிற்று. ‘ஜீனியஸ்’, ‘ஜெனரல்’ எல்லாம் பழைய ரோமில் ககர ஒலியோடு தொடங்கியவைதான். ஆகவே ஜிஞ்சரின் ‘ஞ்ச’, ஏஞ்சலின் ‘ஞ்ச’ வார்த்த அதே அச்சில் வார்க்கப்பட்டது. அதற்கு முன்னால் அங்கே இருந்தது ‘ங்கி’. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்கு வந்து சேரும்போது இது தேவைப்படும்.

இலத்தீனுக்கு அது கிரேக்கத்திலிருந்து வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் தியோஸ்கொரிதீஸ் தம் மருந்து நூலில் ‘ஃஸிங்கிபெரிஸ்’ என்று எழுதுகிறார். கிரேக்கத்தில் கம்மா எழுத்தை இரண்டு முறை அடுத்தடுத்து எழுதினால் வாசிப்பது ‘ங்க’. எழுத்தை மட்டும் பார்த்து ‘ஃஸிக்கிபெரிஸ்’ என்று வாசித்துவிட்டுத் தடம் தொலைக்கிறவர்கள் உண்டு. இஞ்சி மண்சாடிகளில் பதனிடப்பட்டு இத்தாலிக்குப் போனது என்றும் அவர் குறிப்பிடுகிறார். அதே நூற்றாண்டில் ரோம எழுத்தாளர் பிளினி, ‘ஃஸிங்கிபெரி’ என்றும் வேறு சிலர் வாயில் ‘ஃஸிம்பிபெரி’ என்றும் இரண்டு வடிவம் தருகிறார். இது மிளகுக் கொடியின் வேர் என்று சிலர் நினைப்பது தவறு என்று திருத்துகிறார். விலை ஒரு இராத்தலுக்கு 6 தினாரியம் (ரோமானிய வெள்ளிக்காசு) என்கிறார். அவர் கணக்கில் கருமிளகு 4, வெண்மிளகு 7, திப்பிலி 15.

இருவரும் இஞ்சி விளையும் நாடாகச் சொல்வது அரேபியாவையும் செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையையும். ரோமானியர் கையில் சரக்கைக் கொடுத்தவர்கள் அந்தப் பக்கத்து வணிகர்கள். அதனால் விற்றவன் நாடே விளைந்த நாடாக ஏட்டில் ஏறிவிட்டது. மசாலாப் பொருள்களின் பெயரைத் தேடும்போது அடிக்கடி வரும் பிழை இது. சொல்லை வாங்கியவர் எழுதிய ஊர்ப்பெயரை நம்பக் கூடாது. சொல்லின் உறுப்புகளுக்கு எந்த மொழியில் பொருள் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கிரேக்கத்தில் ‘ஃஸிங்கி’க்கும் பொருள் இல்லை, ‘பெரிஸ்’ஸுக்கும் பொருள் இல்லை. வெளியிலிருந்து வந்த சொல் என்பதற்கு இதுவே முதல் அடையாளம். (பிளினி கண்டித்த அந்த மிளகுவேர் எண்ணம் சாகவில்லை. இன்றைய கிரேக்கத்தில் இஞ்சிக்கு ‘பிபெரோரிஃஸா’ என்றொரு பெயர் இருக்கிறது. பொருள்: மிளகுவேர்.)

லகரம் என்ற முத்திரை

அரபியில் இஞ்சி ‘ஃஸன்ஜபீல்’. குர்ஆனின் 76-ஆம் அத்தியாயம் 17-ஆம் வசனத்தில், சுவனத்துப் பானத்தின் கலவையாக இந்தச் சொல் வருகிறது. மேற்காசியாவின் பழைய மொழியான சிரியாக்கில் ‘ஃஸங்கபீல்’, எபிரேயத்தில் ‘ஃஸங்வில்’, துருக்கியில் ‘ஃஸெஞ்ஜெஃபில்’. எல்லாம் லகரத்தில் முடிகின்றன. இலத்தீன் வழி வந்தவை எல்லாம் ரகரத்தில் முடிகின்றன. ஆகவே எந்த மொழியில் இஞ்சியின் பெயரைப் பார்த்தாலும் கடைசி மெய்யைப் பாருங்கள். அது எந்த வாசல் வழியாக வந்தது என்று தெரிந்துவிடும். ஸ்பானியத்தில் பல சரக்குகளின் பெயர் அரபியிலிருந்து வந்தவை. குங்குமப்பூவுக்கு ‘அஃஸஃப்ரான்’, ஆரஞ்சுக்கு ‘நரன்ஹா’. ஆனால் இஞ்சிக்கு ‘ஹென்ஹிப்ரெ’. ரகரம் நிற்கிறது. ஆக இது இலத்தீன் வழி. அரபி ஆட்சி பல நூற்றாண்டு நடந்த மண் என்பதால் அரபிச் சொல்தான் என்று ஊகித்திருந்தால் தவறியிருப்போம்.

கொம்பு எங்கே முளைத்தது

இந்தியாவுக்குள் நுழைந்ததும் முதலில் நிற்க வேண்டிய இடம் பாலி மொழி. பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய நூலில், பிக்குகள் மருந்தாக வைத்துக்கொள்ளக் கூடிய வேர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. மஞ்சள், அடுத்து இஞ்சி, பிறகு வசம்பு, இப்படிப் போகிறது. அந்த இரண்டாவது பெயரைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதுகிறேன்: ‘சிங்கிவேர’.

கிரேக்க ‘ஃஸிங்கிபெர்’ இதன் மேல் அச்சாகப் பொருந்துகிறது. ‘ங்கி’ அப்படியே இருக்கிறது. ‘வ’ மட்டும் கிரேக்கத்தில் ‘ப’ ஆகி, ஆயிரம் ஆண்டு கழித்துப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மறுபடி ‘வ’ ஆகியிருக்கிறது. பழைய ஆங்கில ‘ஜிஞ்ஜிவெர்’ நம் இஞ்சிவேரோடு அவ்வளவு ஒத்துப்போனது இந்தப் போய்வந்த பயணத்தால்தான்.

சமஸ்கிருதத்தில் இதே சொல் ‘சிருங்கவேர’. அங்கே சொல்லப்படும் விளக்கம்: ‘சிருங்க’ என்றால் கொம்பு, ‘வேர’ என்றால் உடல், மான்கொம்பு போலக் கிளைத்த உடல் உடையது. இஞ்சிக் கிழங்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்த விளக்கம் அழகாகவே இருக்கிறது. அழகாக இருப்பதுதான் இதன் ஆபத்து. பழைய ஆங்கில அகராதிகள் பல இதோடு நின்றுவிட்டன.

இதைச் சோதித்துப் பார்ப்போம். ‘வேர’ என்பதற்கு உடல் என்ற பொருள் நிகண்டுகளில்தான் கிடைக்கிறது, வழக்கில் ஓடும் சொல்லாக இல்லை. இது சின்ன ஐயம். பெரிய ஐயம் நடு உயிரில் இருக்கிறது. பாலியில் ‘சிங்கி’, கிரேக்கத்தில் ‘ஃஸிங்கி’, இரண்டிலும் இகரம். சமஸ்கிருதத்தில் மட்டும் ‘சிருங்க’, அகரம். கொம்பு என்ற சொல்தான் மூலம் என்றால் பாலியில் ‘சிங்கவேர’ என்றுதான் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் கொம்புக்குப் பாலியில் ‘சிங்க’ என்றுதான் பெயர். நடந்தது தலைகீழ். ‘சிங்கி’ என்ற பொருள் புரியாத சொல்லைக் கேட்ட ஒரு புலவர், பாலியின் ‘சிங்க’ வடமொழியில் ‘சிருங்க’ ஆவதுபோல இதையும் ‘சிருங்க’ என்று திருத்திக்கொண்டார். திருத்தும்போது இகரம் பலியானது. அந்த இகரத்தைக் கிரேக்கர் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

கம்பராமாயணம் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் குகன் நினைவுக்கு வந்திருப்பான். அவன் ஊரை வால்மீகி சிருங்கவேரபுரம் என்கிறார், கம்பர் சிருங்கிபேரம் என்கிறார். அந்த ஊர்ப்பெயருக்குச் சிருங்கி முனிவரோடு சேர்த்துத் தலக்கதை உண்டு. ஊர்ப்பெயருக்கும் கிழங்குக்கும் உறவு இருக்கிறது என்று இதைக் கொண்டு மட்டும் சொல்லிவிட முடியாது. வடிவம் ஒன்று என்பது வரைதான் கணக்கு.

இழந்த சகரம்

வேர் என்ற சொல்லுக்கு நாம் அகராதி புரட்ட வேண்டியதில்லை. தமிழிலும் மலையாளத்திலும் வேர், தெலுங்கில் வேரு, கன்னடத்தில் வகரம் பகரமாகிப் பேரு. குடும்பம் முழுதும் பரவிய சொல். விநயப் பட்டியலே வேர்ப் பட்டியல்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாவர இயல்படி இஞ்சி வேர் அன்று, மண்ணுக்குள் படுத்து வளரும் தண்டு. சரக்கு விற்கிறவர்கள் அந்த வேறுபாட்டைப் பார்க்க மாட்டார்கள். மலையாளத்தில் இஞ்சிவேர் என்ற கூட்டுச்சொல் பதிவாகியிருக்கிறது.

சிக்கல் முன்பாதியில். தமிழில் ‘சிங்கி’ இல்லை, ‘இஞ்சி’தான் இருக்கிறது. இரண்டு இடத்தில் வேறுபாடு: தலையில் ஒரு சகரம் காணவில்லை; நடுவில் ‘ங்க்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஞ்ச்’. இரண்டுக்கும் சாட்சி வேண்டும்.

சகரம் உதிர்ந்ததற்கு நாம் தினமும் சொல்கிற சொற்களே சாட்சி. தமிழில் ஐந்து, மத்திய இந்தியாவின் கோண்டியில் ‘சையுங்’. தமிழில் ஆறு, கோண்டியில் ‘சாருங்’. தமிழில் உப்பு, கோண்டியில் ‘சோவர்’, பஸ்தர்ப் பக்கத்துப் பார்ஜியில் ‘சுப்’. மூன்றிலும் அங்கே சகரம் இருக்கிறது, இங்கே இல்லை. பழந்திராவிடத்தில் இருந்த முதற் சகரம் தென்திராவிட மொழிகளில் பல சொற்களில் உதிர்ந்துபோனது என்பதை 1940-களில் மொழியியலாளர் தாமஸ் பரோ முறையாக எடுத்துக்காட்டினார்.

நடு ‘ங்க்’ விஷயம். இகர எகரங்களுக்கு முன்னால் ககரம் சகரமாவது தமிழுக்குப் பழக்கப்பட்ட போக்கு. கன்னடத்தில் ‘கிவி’, தமிழில் செவி. கன்னடத்தில் ‘கெய்’, தமிழில் செய். அதே சாய்வில் ‘ங்கி’, ‘ஞ்சி’ ஆகியிருக்கிறது. மொழியியலார் மீட்டுருவாக்கும் பழைய வடிவம் ‘சிங்கி-வேர்’. அதிலிருந்து ஒரு கிளை வடக்கே போய் ‘சிங்கிவேர’. இங்கே நின்ற கிளை இஞ்சி.

இரண்டு மாற்றத்தையும் ஒரே கல்லில் பார்க்க வேண்டுமானால் அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டுக்குப் போக வேண்டும். கி.மு. 3-ஆம் நூற்றாண்டு. தெற்கே உள்ளவர்களை வரிசையாகச் சொல்கிறது: சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர். தமிழில் இவர்களில் கடைசி இருவரின் பெயர் என்ன? சதியபுத்திரர் அதியமான்கள். திருக்கோயிலூர்ப் பக்கத்தில் ஜம்பையில் 1981-இல் கண்டெடுத்த தமிழ்-பிராமிக் கல்வெட்டு இதற்கு முத்திரை வைத்துவிட்டது. அதில் ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி’ என்று இரண்டு பெயரும் அருகருகே வெட்டியிருக்கிறது. கேரளபுத்திரர் சேரர். சதிய என்பதற்கு அதிய, தலைச் சகரம் இல்லை. கேரள என்பதற்கு சேர, எகர ஏகாரத்துக்கு முன் ககரம் சகரமாக நிற்கிறது. ‘சிங்கி’யை ‘இஞ்சி’ ஆக்கத் தேவையான அதே இரண்டு வேறுபாடு, அசோகரின் ஒரே வாக்கியத்தில், பக்கத்துப் பக்கத்துப் பெயர்களில். இந்தத் துறையில் இதைவிடத் துல்லியமாகச் சாட்சி அமைவது அபூர்வம்.

தமிழில் இந்த மாற்றங்கள் சங்கப் பாடல்களுக்கு முன்பே முடிந்துவிட்டன. பட்டினப்பாலையில் சேம்போடு சேர்ந்து முளை இஞ்சி வருகிறது. மதுரைக்காஞ்சியில் இஞ்சி, மஞ்சள், மிளகு ஒரே அடியில் வருகின்றன. வடிவம் இன்றைய வடிவமேதான். ஆகவே வடக்கே போன ‘சிங்கி’, அதற்கும் முந்தைய காலத்தில் தெற்கிலிருந்து போயிருக்க வேண்டும், அல்லது சகரத்தைக் கைவிடாத ஒரு திராவிட மொழியிலிருந்து போயிருக்க வேண்டும். தமிழே நேராகக் கொடுத்தது என்று அடித்துச் சொல்லாமல் திராவிட மூலம் என்று சொல்வதற்குக் காரணம் இந்த இரண்டாவது வாய்ப்புதான்.

இதை 1886-லேயே ஊகித்தவர்கள் இருக்கிறார்கள். யூல், பர்னல் இருவரும் தொகுத்த, ஆங்கிலத்தில் கலந்த இந்தியச் சொற்களுக்கான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, கொம்பு விளக்கம் கற்பனை என்று சொல்லிவிட்டு, இஞ்சிக்கு முற்காலத்தில் முன்னால் ஒரு சகரம் இருந்திருக்கலாம் என்று எழுதுகிறது. அதற்கு அவர்கள் காட்டிய சான்று, இஞ்சியைக் குறிக்கும் கன்னடச் ‘சுண்டி’. அந்தச் சான்று நிற்காது. கன்னடத்தில் அதை மூச்சொலி சேர்ந்த டகரத்தோடு எழுதுகிறார்கள். அந்த ஒலி வந்தாலே அது வடமொழி வழி வந்த சொல் என்று பொருள். சான்று பிசகி, முடிவு சரியாக வந்த அரிதான இடம்.

காதை நம்பினால்

ஜெர்மனில் இஞ்சி ‘இங்வெர்’. பின்னிஷில் ‘இங்கிவேரி’. இணையத்தில் தமிழின் தொன்மை பேசுகிற பட்டியல்களில் இந்த இரண்டும் தவறாமல் இடம்பிடிக்கும்; ஜிஞ்சரைவிட இவை இஞ்சிவேருக்கு நெருக்கம், ஆகவே தமிழிலிருந்து நேராகப் போனவை என்று வாதம். ஏடுகளைப் பார்த்தால் வாதம் உடைகிறது. பழைய உயர்ஜெர்மனில் ‘கிங்கிபெரோ’ என்று முன்னால் ககரம் நிற்கிறது. இலத்தீனிலிருந்து வந்த வடிவம் அது. பிற்பாடுதான் ககரம் உதிர்ந்து ‘இங்கெவெர்’, ‘இங்வெர்’ ஆயிற்று. சுவீடிஷ் வடிவம் ‘இங்கெஃபேரா’. அந்த வட்டாரத்துச் சொல்லிலிருந்து பின்னிஷுக்குப் போயிற்று. ரஷ்ய ‘இம்பீர்’, போலிஷ் ‘இம்பிர்’ எல்லாம் ஜெர்மன் வழிதான். இஞ்சிவேர் போலவே ஒலிக்கும் பின்னிஷ் சொல் உண்மையில் இஞ்சிவேரிலிருந்து மிக நீண்ட பாதை நடந்து வந்த சொல். சிங்கள ‘இங்குரு’வும் இதே பாடம்: பக்கத்து நாடு, சகரமும் இல்லை, தமிழிலிருந்து போயிருக்கும் என்று தோன்றும். ஆனால் அதன் மூலம் ‘சிங்கிவேர’தான். சகரம் ஹகரமாகிப் பின் உதிர்வது சிங்களத்தின் சொந்த வரலாறு.

ஆங்கிலத்துக்குள்ளேயே பொறிகள் இருக்கின்றன. ‘ஜிஞ்சர்பிரெட்’ என்பதில் ரொட்டிக்கு ஆதியில் இடமில்லை. பழைய பிரெஞ்சில் ‘ஜிஞ்செம்ப்ராஸ்’ என்றால் பாகில் பதனிட்ட இஞ்சி. அந்தக் கடைசி அசை புரியாத ஆங்கிலேயர் வாயில் அது ‘பிரெட்’ ஆகி, பின்னர் பண்டமும் பெயருக்கேற்ப மாவுப் பண்டமாகிவிட்டது. பதமாக, மெதுவாக என்ற பொருளில் வரும் ‘ஜிஞ்சர்லி’க்கும் இஞ்சிக்கும் உறவே இல்லை, மென்மையானது என்று பொருள்தரும் ஒரு பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது வந்திருக்கக்கூடும் என்பதே அகராதிகளின் தீர்ப்பு.

தமிழிலும் ஒரு பொறி. சங்க நூல்களில் ‘இஞ்சி’ என்று தேடினால் பல இடத்தில் வருவது கோட்டை மதில். சொல்லடைவில் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு ‘சங்க இலக்கியத்தில் இஞ்சி இத்தனை இடத்தில்’ என்று எழுதினால் பாதி மதிலாக இருக்கும். ஒவ்வொரு அடியையும் திறந்து படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொரு வேர்

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல சொல் இருக்கிறது: ‘வெட்டிவேர்’. வாசனைத் திரவியக்காரர்கள் உலகெங்கும் ‘வெட்டிவர்’ என்றே சொல்கிறார்கள். தமிழிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அண்மைக் காலத்தில் போனதால் முழு உடலோடு நிற்கிறது. ஜிஞ்சரில் உள்ள வேரும் இதே வேர்தான்; இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் கைமாறிக் கைமாறி ‘அர்’ என்ற துண்டாகத் தேய்ந்துவிட்டது. நேற்றுப் போன சொல் மாறாமல் இருக்கும், நெடுங்காலம் முன்பு போன சொல் அடையாளம் தெரியாமல் இருக்கும். மிகப் பழைய கடன் என்று சொல்லிக்கொண்டு அப்படியே அச்சாக ஒலிக்கும் ஒரு ஜோடி கிடைத்தால் அங்கே ஐயப்பட வேண்டும்.

எல்லாச் சொல்லும் இஞ்சி போல இடம் கொடுக்காது. ‘ரைஸ்’ நம் அரிசி என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். ரைஸின் பின்னால் போனால் கிரேக்க ‘ஒருஃஸா’ வரை பாதை தெளிவு. அதற்கப்பால் பஷ்தோ மொழியின் ‘வ்ரிஜே’, சமஸ்கிருத ‘வ்ரீஹி’ என்று வகரத்தோடு நிற்கும் கிழக்கு ஈரானிய, இந்திய வடிவங்கள் குறுக்கே வருகின்றன. அந்த வகரச் சொற்களுக்கும் திராவிடத்துக்கும் என்ன உறவு என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. அரிசியை ஜிஞ்சரின் பக்கத்தில் சமமாக உட்காரவைப்பது ஜிஞ்சரின் நல்ல வழக்கையும் சேர்த்துக் கெடுக்கும்.

கையில் எடுக்க வேண்டியவை

சொந்தமாக ஒரு சொல்லைத் தேட நினைப்பவர்கள் ஒரு தாளில் ஐந்து கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: வடிவம், மொழி, காலம், எந்த ஏடு, முந்தைய வடிவத்திலிருந்து என்ன மாறியது. ஐந்தாவது கட்டத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு சாட்சிச் சொல்லை எழுத வேண்டும். எழுத முடியாத வரிசைக்கு எதிரே கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறியை அழிக்காமல் அடுத்த படிக்குப் போகலாம், ஆனால் முடிவைச் சொல்லும்போது அதை மறைக்கக் கூடாது.

பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியின் இரண்டாம் பதிப்பு 1984-இல் வந்தது. அதையும், டர்னரின் இந்தோ-ஆரிய ஒப்பீட்டு அகராதியையும், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியையும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் காசில்லாமல் பார்க்கலாம். ஹாப்சன்-ஜாப்சனும் அங்கேயே இருக்கிறது. ஒரு நுட்பம்: சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அது எந்த ஏட்டிலும் இல்லாத, அறிஞர் மீட்டுருவாக்கிய வடிவம். வலப்பக்கம் வாய் திறந்த கோணக்குறி (<) இருந்தால் ‘இதிலிருந்து வந்தது’. ஒப்பிடுக என்ற குறிப்பு இருந்தால் ஒப்பிடச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். அதை ‘வந்தது’ என்று படிப்பவர்களால் பாதித் தவறுகள் பிறக்கின்றன. திராவிட அகராதியில் ஒரு பதிவின் கடைசி வரியைத் தவறாமல் படியுங்கள். வடமொழி வடிவத்தோடு உள்ள தொடர்பு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இஞ்சிக்கு அப்பால்

பாதை திராவிடத்தோடு முடிந்துவிட்டதா? இஞ்சிச் செடி இன்று எங்கும் உண்மையான காட்டுச் செடியாகக் கிடைப்பதில்லை. மனிதர் கிழங்கை நட்டு நட்டே பரப்பிய பயிர் அது. அதன் உறவினங்கள் செழித்திருப்பது தென்கிழக்கு ஆசியாவில். அந்தப் பக்கத்துப் பெயர்களைப் பாருங்கள். தாய்லாந்து மொழியில் ‘கிங்’. சீனத்தில் இன்று ‘ஜியாங்’, பழஞ்சீனத்தில் ‘கங்’ போன்ற வடிவம். மலாயில் ‘ஹாலியா’, பிலிப்பைன்ஸின் தகலாகில் ‘லூயா’. இந்த இரண்டும் தமக்குள் உறவு, ஆனால் வேறு குடும்பம். ‘கிங்’ வகைப் பெயருக்கும் நம் பழைய ‘சிங்கி’க்கும் தொடர்பு இருக்கலாம், செடியோடு பெயரும் கிழக்கிலிருந்து வந்திருக்கலாம் என்று சில மொழியியலார் கருதுகிறார்கள். பொருளும் ஒலியும் ஒத்துப்போகின்றன என்பதால் தள்ளிவிட முடியாத கருத்து.

ஆனால் ஜிஞ்சரிடம் கேட்ட கேள்வியை இதனிடமும் கேட்டாக வேண்டும். ‘கிங்’ என்பதன் முதல் ககரம் ‘சிங்கி’யில் எந்த விதிப்படி சகரமாகும்? இகரத்துக்கு முன் ககரம் சகரமாகும் அதே போக்கு என்றால், நடுவிலுள்ள ககரம் மட்டும் வடக்கே போகும்வரை ஏன் மாறாமல் நின்றது? இறுதி இகரம் எங்கிருந்து ஒட்டியது? அதே பாதையில் வந்த இன்னொரு பயிர்ப் பெயர் எது? ஐந்தாவது கட்டத்தில் எழுத இரண்டு சாட்சி கிடைக்கும்வரை, இந்த வரிசைக்கு எதிரே கேள்விக்குறிதான் நிற்கும்.